மேலணி அல்லாத கலங்களில் ஈஎம்ஏ: யாழ்ப்பாணத்தில் கையால் சாயமிடத் தொடங்குவோருக்கு

நிணநீர்க் கணு ஒன்றின் வெட்டுத்துண்டு. பெரிய, ஒழுங்கற்ற கலங்கள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. ஹிமற்றொக்சிலின், இயோசின் சாயத்தில் பார்த்தாலே புற்று என்பது தெரிகிறது. எந்தக் கலத்திலிருந்து வந்த புற்று என்பதுதான் தெரியவில்லை. உடலின் பரப்புகளையும் சுரப்பிகளையும் போர்த்தும் மேலணிக் கலங்களில் உள்ள ஈஎம்ஏ என்ற புரதத்தைப் பிறபொருளெதிரியால் பிடித்துப் பழுப்பாகக் காட்டும் சாயத்தைப் போட்டால் நன்றாகப் பழுப்பேறுகிறது. வெண்குருதிக் கலங்களுக்கான சிடி45 ஏறவில்லை. புதிதாக வந்தவர் உடனே "மேலணிப் புற்று" என்று முடிவெடுக்கப் பார்ப்பார். ஆனால் இதே இரண்டு விடைகளையும் அனாப்பிளாஸ்ரிக் பெருங்கல லிம்போமாவும் தரலாம், பிளாஸ்மா கலக் கட்டியும் தரலாம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. நோயாளி எந்தக் கிளினிக்குக்குப் போகிறார் என்பதே இந்தப் பழுப்பை நாம் எப்படி வாசிக்கிறோம் என்பதில் தங்கியிருக்கிறது.

ஆகவே பழுப்பை வரவைப்பது பாதி வேலைதான். வந்த பழுப்பு உண்மையானதா என்று காட்டுவது மற்றப் பாதி. அதைத்தான் ஒருவரும் பொறுமையாகச் சொல்லித் தருவதில்லை. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்காகவும், நோயியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தானியங்கிச் சாயமிடும் கருவி இல்லாமல், பிப்பெற்றும் ஈரப் பெட்டியும் வைத்துக் கையால் செய்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த ஊர் இது. இந்த வேலையையும் தமிழில் விளக்கமாகச் சொல்ல முடியும்.

எதைத் தேடுகிறோம்

ஈஎம்ஏ என்று நாம் சுருக்கிச் சொல்வது மேலணிக் கலமென்சவ்வில் இருக்கும் ஒரு கிளைக்கோபுரதம். 1ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள மியூக்1 மரபணு இதை உருவாக்குகிறது. புரதத்தின் ஒரு முனை கலத்துக்குள் இருக்கும். நீளமான மறு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வெளிப்பகுதியில் 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. அதில் உள்ள செரீன், திரியோனின் ஆகியவற்றில் வெல்லச் சங்கிலிகள் அடர்த்தியாக ஒட்டியிருக்கும். இந்த வெல்லப் போர்வை எல்லாக் கலங்களிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால் ஒரே புரதத்துக்கு எதிரான இரண்டு பிறபொருளெதிரிகள் ஒரே இழையத்தில் வேறு வேறு விடை தரலாம். நீங்கள் பாவிக்கும் குளோனின் (பிறபொருளெதிரியை உருவாக்கும் கல வழியின்) பெயரை எப்போதும் எழுதி வையுங்கள் என்று நச்சரிப்பது இதனால்தான். அதிகம் பாவனையில் இருப்பது ஈ29 என்ற எலிக் குளோன்.

இந்தப் புரதம் முதலில் பிடிபட்டது தாய்ப்பாலில். மார்பகச் சுரப்பிக் கலத்தை விட்டு ஒரு கொழுப்புத் துளி வெளியேறும்போது அந்தக் கலத்தின் மென்சவ்வையே போர்த்திக்கொண்டு போகும். அந்தச் சவ்வைப் பிரித்தெடுத்து விலங்குகளுக்கு ஏற்றி உருவாக்கிய பிறபொருளெதிரிகள் மேலணிக் கலங்களை அழகாகக் காட்டின. அதனால் மேலணியின் அடையாளம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் மேலணி அல்லாத கலங்களிலும் அது இருக்கிறது. பிளாஸ்மா கலங்கள் அவற்றில் முதலாவது. நரம்புக் கட்டுகளைச் சுற்றியுள்ள பெரிநியூரியக் கலங்கள், மூளையுறையிலிருந்து எழும் மெனிஞ்சியோமாக் கட்டிகள், அனாப்பிளாஸ்ரிக் பெருங்கல லிம்போமா, லிம்போசைற் மேலோங்கும் முடிச்சுவகை ஹொட்ச்கின் நோயில் வரும் பெரிய கலங்கள், சைனோவியல் சார்கோமா, எபிதீலியொயிட் சார்கோமா என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றில் புரதத்தின் அளவு மேலணியை விடக் குறைவு. கட்டியில் பத்தில் ஒரு பங்கு கலங்கள் மட்டும் ஏறுவதும் உண்டு. மேலணியில் பளிச்சென்று தெரியும் ஒரு செய்முறை, இங்கே ஒன்றையும் காட்டாமல் போகலாம்.

கட்டுப்பாட்டு இழையத்தை முதலில் தெரிவு செய்யுங்கள்

விடை முன்கூட்டியே தெரிந்த, செய்முறையைச் சரிபார்க்க உதவும் இழையம் இது. பலர் இதைக் கடைசியில் யோசிப்பார்கள். பரிசோதனை இழையத்தைத் தொடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

தொண்டைச் சதையும் குடல்வாலும்தான் எனக்குப் பிடித்த இரண்டு. அறுவைக் கூடத்திலிருந்து அடிக்கடி வருபவை. கிடைப்பதில் கஷ்டம் இல்லை. தொண்டைச் சதையில் மேற்பரப்புச் செதில் மேலணி ஏறும், பிளாஸ்மா கலங்கள் ஏறும், முளைமையத்தில் உள்ள பி கலங்கள் ஏறக் கூடாது. ஒரே துண்டில் ஆமும் இல்லையும் கிடைக்கிறது. குடல்வாலில் சுரப்பிகளின் உள்விளிம்பு ஏறும், தசைப்படை வெறுமையாக இருக்கும், சளிப்படையின் அடியில் பிளாஸ்மா கலங்கள் நிறைய இருக்கும்.

குடல்வாலின் வெளிப்பக்கக் கொழுப்பில் சின்னச் சின்ன நரம்புக் கட்டுகள் ஓடும். ஒன்றைக் கண்டுபிடித்து 40 மடங்கு வில்லையில் நிறுத்திப் பாருங்கள். கட்டின் உள்ளே அலையலையாக ஷ்வான் கலக் கருக்கள். அவற்றில் பழுப்பு இருக்காது. கட்டைச் சுற்றி தட்டையான கருக்களுடன் ஒன்றிரண்டு அடுக்காக ஒரு மெல்லிய வளையம் போகும். அதுதான் பெரிநியூரியம். ஈஎம்ஏ சரியாக வேலை செய்திருந்தால் அந்த வளையம் பென்சிலால் இழுத்த கோடுபோல மெல்லிய பழுப்பில் தெரியும். சுரப்பி மேலணி கடும் பழுப்பாக இருந்தும் இந்தக் கோடு தெரியாவிட்டால், உங்கள் செய்முறைக்கு மேலணி அல்லாத கலங்களைப் பிடிக்கும் அளவுக்கு உணர்திறன் இல்லை என்று அர்த்தம். இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது. பரிசோதனைத் துண்டிலேயே ஒரு நரம்புக் கட்டு அகப்பட்டால் இன்னும் நல்லது. அதே போர்மலின், அதே வெப்பம், அதே நாள் என்று எல்லாம் ஒன்றாகவே நடந்திருக்கும்.

மீதமான இழையத்தை ஆராய்ச்சிக்கு எடுப்பதாக இருந்தால் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். நோயாளியின் பெயர் சிலைட்டில் வரக்கூடாது.

போர்மலினில் போடுதல்

இங்கே நடக்கும் பிழையைப் பிறகு எந்த விலையுயர்ந்த பிறபொருளெதிரியாலும் திருத்த முடியாது. வேண்டியது 10 வீத நடுநிலைத் தாங்கற் போர்மலின். ஆய்வுகூடத்திலேயே தயாரிப்பதென்றால்: கடையில் வரும் செறிந்த போர்மலின் 100 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீர் 900 மில்லிலீற்றர், சோடியம் இருஐதரசன் பொசுபேற்று ஒருநீரேற்று 4 கிராம், நீரற்ற இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 6.5 கிராம். பிஎச் 7ஐ ஒட்டி இருக்க வேண்டும். தாங்கல் சேர்க்காத போர்மலின் நாள்பட அமிலமாகி, குருதி தேங்கிய இடங்களில் கறுப்பு கலந்த பழுப்புத் துகள்களைப் படிய வைக்கும். பழுப்பைத் தேடும் நமக்கு அது பெரிய தொல்லை.

இழையத்தின் கனவளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு போர்மலின் இருக்கட்டும். போர்மலின் மணிக்கு 1 மில்லிமீற்றர் அளவில்தான் உள்ளே இறங்கும். முழு நிணநீர்க் கணுவை வெட்டாமல் போட்டால் நடுப்பகுதி அழுகத் தொடங்கிய பிறகுதான் போர்மலினைக் காணும். பங்குனி, சித்திரை வெயிலில் இது இன்னும் மோசம். அறுவைக் கூடத்தில் நிற்பவர்களிடம் போய் நேரிலே சொல்லுங்கள்: "அக்கா, கணுவை எடுத்தவுடனே போத்தலில் போடுங்கோ, நேரத்தையும் லேபிளில் எழுதிவிடுங்கோ." கடிதம் போட்டு நடக்காத காரியம், அறிமுகத்தில் நடக்கும். 6 மணிநேரத்துக்குக் குறையாமலும் 72 மணிநேரத்தைத் தாண்டாமலும் போர்மலினில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வந்ததைத் திங்கள் காலையிலாவது எடுத்துவிடுங்கள்.

வெட்டுதல்

3 முதல் 4 மைக்கிரோமீற்றர் தடிப்பு. போர்மலின் மூடிய புரதத்தைச் சூட்டால் திறக்கும் வெப்ப மீட்பின்போது கழன்று போகாதிருக்க, நேர்மின்னேற்றம் பெற்ற சிலைட்டுகள் அல்லது பொலிலைசீன் பூசியவை வேண்டும். சாதாரண சிலைட்டில் செய்து பார்க்கவே வேண்டாம். எங்கள் வெக்கையில் பரபின் மெழுகு சீக்கிரம் இளகும். வெட்டுவதற்கு முன் குற்றியைப் பனிக்கட்டித் தட்டில் நன்றாகக் குளிர வையுங்கள். நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை மறுபடி வையுங்கள். மிதக்கவிடும் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் இருக்கட்டும். சிலைட்டுகளை 60 பாகை செல்சியஸில் ஒரு மணிநேரம், அல்லது 37 பாகையில் இரவு முழுவதும் உலர விடலாம். வெட்டி வைத்த துண்டுகளை மாதக்கணக்கில் மேசையில் விட்டால் இலக்குப் புரதம் மங்கிப்போகும்.

தண்ணீரும் கரைசல்களும்

யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. நிரந்தர ஆறு இல்லாத குடாநாட்டில் பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறோம். அது வன்னீர், கல்சியம் கூட, சற்றுக் காரமும்கூட. கேத்தலின் அடியில் படியும் வெள்ளையை எல்லோரும் கண்டிருப்போம். இதனால் உங்களுக்கு ஒரு கெடுதலும் ஒரு நன்மையும் உண்டு. கெடுதல்: கிணற்று நீரிலோ பைப் நீரிலோ தாங்கற் கரைசல் தயாரித்தால் பிஎச் நீங்கள் நினைத்த இடத்தில் நிற்காது. சிற்றேற்றும் ஈடிடிஏயும் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்கள். கல்சியம் நிறைந்த நீரில் அவற்றின் வேலை பாதியில் போய்விடும். எல்லாக் கரைசலுக்கும் காய்ச்சி வடித்த நீர்தான். நன்மையைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

இரண்டு கரைசல்கள் போதும். கழுவுவதற்கு: ட்ரிஸ் 6.05 கிராம், சோடியம் குளோரைட்டு 8.76 கிராம், 800 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, ஐதரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 7.6க்குக் கொண்டுவந்து, 1 லீற்றராக்கி, 0.5 மில்லிலீற்றர் ட்வீன்20 சேர்க்கவும். வெப்ப மீட்புக்கு: ட்ரிஸ் 1.21 கிராம், ஈடிடிஏயின் இருசோடியம் உப்பு 0.37 கிராம், 1 லீற்றர் நீர், பிஎச் 9.0, அதிலும் 0.5 மில்லிலீற்றர் ட்வீன்20. பூஞ்சணம் பிடிக்கிறது என்று கழுவும் கரைசலில் சோடியம் அசைட்டுப் போட்டுவிடாதீர்கள். நாம் நிறம் வரவைக்க நம்பியிருக்கும் பேரொட்சிடேசு நொதியத்தை அது முடக்கிவிடும். வாரம் ஒருமுறை புதிதாகத் தயாரிப்பதே நல்லது.

பிறபொருளெதிரி கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். வந்தவுடன் திறந்து, ஐஸ் இன்னும் உறைந்திருக்கிறதா என்று பார்த்து, அதைத் திகதியுடன் எழுதி வையுங்கள். 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டியதை உறைய விடாதீர்கள். குளிர்சாதனப்பெட்டியின் கதவிலும் வைக்காதீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பெட்டியின் வெற்றிடங்களைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி வைத்தால் மின்சாரம் போனாலும் குளிர் அதிக நேரம் நிற்கும். ஜெனரேற்றர் இருக்கும் இடத்திலும் இதைச் செய்யச் சொல்வேன்.

சாயமிடும் நாள்

மெழுகை நீக்குங்கள்: சைலீனில் 5 நிமிடமாக இரண்டு முறை, பிறகு தூய அல்ககோல், 95 வீதம், 70 வீதம், நீர். மெழுகு மிச்சமிருந்தால் அந்த இடம் சாயத்தை ஏற்காமல் திட்டுத் திட்டாக நிற்கும். சைலீன் வேலையைக் காற்றோட்டப் பெட்டிக்குள் செய்யுங்கள்.

வெப்ப மீட்பு அடுத்தது. போர்மலின் புரதங்களைக் குறுக்கே பிணைத்து, இலக்கை மூடி வைத்திருக்கும். சூடாக்கினால் அந்தப் பிணைப்புகள் தளரும். 1991இல் மைக்கிரோவேவ் அடுப்பை வைத்து இதைக் காட்டிய பிறகுதான் இந்தத் துறையே விரிந்தது. மேலணியில் ஈஎம்ஏ பல வேளைகளில் வெப்ப மீட்பு இல்லாமலும் ஏறும். அளவு குறைந்த கலங்களுக்கு அதை நம்ப வேண்டாம். தண்ணீர்த் தொட்டியென்றால் 95 முதல் 98 பாகையில் 20 நிமிடம். வீட்டுப் பிரஷர் குக்கரும் நன்றாகவே வேலை செய்யும். அலுமினியம் வேண்டாம், துருப்பிடிக்காத உருக்கு வாங்குங்கள். முதலில் கரைசல் கொதிக்க வேண்டும், பிறகு சிலைட்டுகளை இறக்கி மூட வேண்டும். முழு அழுத்தம் வந்ததிலிருந்து 3 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து. விசிலை எண்ணிச் செய்யாதீர்கள்; விசில் அடுப்பின் வேகத்துக்கு ஏற்ப மாறும். முடிந்ததும் சிலைட்டை வெளியே இழுக்காமல் கரைசலுடனேயே 20 நிமிடம் ஆற விடுங்கள். சூடான சிலைட் காற்றில் காய்ந்தால் அந்தத் துண்டை எறிய வேண்டியதுதான்.

பிறகு இழையத்தைச் சுற்றி மெழுகுப் பேனையால் வட்டம் போடுங்கள். 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு 10 நிமிடம். செங்குருதிக் கலங்களிலும் இயோசின்நாடி வெண்குருதிக் கலங்களிலும் இயல்பாக உள்ள பேரொட்சிடேசு வேலையை இது அடக்கும். கழுவுங்கள். 5 வீத ஆட்டுச் சீரம் அல்லது கேசீன் 20 நிமிடம். அதைக் கழுவாமல் சாய்த்து வடித்துவிட்டு, முதற் பிறபொருளெதிரியை 100 முதல் 200 மைக்கிரோலீற்றர் வரை துண்டு முழுவதும் மூடும்படி இடுங்கள்.

ஈரப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டி போதும். அடியில் நனைத்த கடதாசி, அதன் மேல் இரண்டு கண்ணாடிக் கோல்கள், அவற்றின் மேல் சிலைட்டுகள். பெட்டி மட்டமாக இருக்கிறதா என்று முதலில் ஒரு வெற்றுச் சிலைட்டில் தண்ணீர்த் துளி வைத்துப் பாருங்கள். துளி ஒரு பக்கம் ஓடினால் பிறபொருளெதிரியும் ஓடும். மின்விசிறிக்குக் கீழே வைக்க வேண்டாம். ஐரோப்பியக் கைநூல்களில் அறை வெப்பநிலை என்றால் 20 முதல் 25 பாகை. இங்கே குளிரூட்டி இல்லாத அறை 30ஐத் தாண்டும். அந்த வெப்பத்தில் துண்டின் விளிம்புகள் காயும், பின்னணிப் பழுப்பும் கூடும். குளிரூட்டிய அறையில் 25 பாகையில் 45 நிமிடம் விடலாம். இல்லாவிட்டால் குளிர்சாதனப்பெட்டியில் 4 பாகையில் இரவு முழுவதும் விடுங்கள். எதைத் தெரிவு செய்தாலும் அதையே எப்போதும் செய்யுங்கள். மழைக்கால மார்கழியில் ஒரு விதமும் சித்திரையில் ஒரு விதமும் செய்தால் இரண்டு விடைகளையும் ஒப்பிட முடியாது.

கழுவும் கரைசலில் 5 நிமிடமாக மூன்று தடவை. முதற் பிறபொருளெதிரியைப் பிடிக்கும், பேரொட்சிடேசு கோத்த பொலிமர் வகை இரண்டாம் பிறபொருளெதிரி 30 நிமிடம். மீண்டும் மூன்று தடவை கழுவுங்கள். பழைய பயோட்டின் முறையைவிடப் பொலிமரை நான் விரும்புவதற்குக் காரணம், ஈரலிலும் சிறுநீரகத்திலும் இயல்பாக உள்ள பயோட்டின் அதில் குழப்பம் செய்யாது.

நிறம் தருவது டிஏபி என்ற வேதிப்பொருள்; பேரொட்சிடேசு அதைப் பழுப்பாக்கும். போடுவதற்குச் சற்று முன்தான் கலக்க வேண்டும். 5 நிமிடம் என்று தொடங்கி, கட்டுப்பாட்டுச் சிலைட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டே நேரத்தைத் தீர்மானியுங்கள். பிறகு எல்லாச் சிலைட்டுக்கும் அதே நேரம். பரிசோதனைச் சிலைட் மங்கலாக இருக்கிறதே என்று அதற்கு மட்டும் இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுப்பது விடையை நாமே எழுதுவதற்குச் சமம். டிஏபி புற்றை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள். கையுறை கட்டாயம், மீதத்தைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் போத்தலில் சேருங்கள். நாம் குடிக்கும் கிணறும் அதே மண்ணுக்குள்தான் இருக்கிறது.

கடைசியாக ஹிமற்றொக்சிலின் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. இங்கேதான் நம் தண்ணீரின் நன்மை. ஹிமற்றொக்சிலின் சிவப்பு கலந்த ஊதாவிலிருந்து தெளிவான நீலமாக மாறக் காரம் வேண்டும். மென்னீர் உள்ள ஊர்களில் அதற்கென்று தனிக் கரைசல் தயாரிப்பார்கள். நமக்குப் பைப்பைத் திறந்துவிட்டால் போதும், நீலம் தானே வரும். கருக்களில் நீலம் அதிகமாகிவிடாமல் பாருங்கள். ஒரு மெல்லிய பழுப்பு மென்சவ்வைக் கடும் நீலம் விழுங்கிவிடும். பிறகு அல்ககோல், சைலீன், மூடிச் சிலைட்.

ஐதாக்கலைக் கண்டுபிடித்தல்

நிறுவனத்தின் தாளில் ஐதாக்கல் எழுதியிருக்கும். அது தொடங்கும் இடம் மட்டுமே. 20 மைக்கிரோலீற்றர் பிறபொருளெதிரியை 980 மைக்கிரோலீற்றர் ஐதாக்கியில் கலந்தால் 50இல் ஒன்று. அதில் 500ஐ எடுத்து இன்னொரு 500 ஐதாக்கியில் கலந்தால் 100இல் ஒன்று. இப்படியே 200, 400, 800 வரை போங்கள். ஒரே குற்றியிலிருந்து வெட்டிய ஐந்து தொண்டைச் சதைத் துண்டுகளுக்கும் ஐந்து குடல்வால் துண்டுகளுக்கும் ஒரே நாளில் போடுங்கள்.

இங்கே பலர் சுரப்பி மேலணி அழகாகத் தெரியும் ஐதாக்கலைத் தெரிவு செய்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது வேறு. பெரிநியூரியக் கோடும் பிளாஸ்மா கலங்களும் தெளிவாகத் தெரிந்து, முளைமையமும் தசையும் வெறுமையாக நிற்கும் மிகக் கூடிய ஐதாக்கல். அந்த இடத்தில் மேலணி சற்று அளவுக்கு மீறிய பழுப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

பிளாஸ்மா கலத்தில் ஒளிந்திருக்கும் பொறி

நன்றாகக் கேட்கக்கூடிய பிள்ளை ஒருவர் கட்டாயம் கேட்பார்: "மிஸ், பிளாஸ்மா கலம் முழுக்க மனித இம்யூனோகுளோபுலின்தானே இருக்கு. இரண்டாம் பிறபொருளெதிரி அதிலேயே நேரடியாகப் போய் ஒட்டாதா?" ஒட்டும். இந்தக் கேள்வியைக் கேட்டவர் இந்த வேலைக்குத் தகுந்தவர்.

இரண்டாம் பிறபொருளெதிரி எலி இம்யூனோகுளோபுலினை, அதாவது எலியின் பிறபொருளெதிரிப் புரதத்தை, தேடிப் போவது. எலியினதும் மனிதனதும் இம்யூனோகுளோபுலின்கள் ஒன்றுக்கொன்று உறவுக்காரப் புரதங்கள். மனிதப் புரதத்தோடு ஒட்டும் பகுதியைத் தயாரிப்பாளர் வடிகட்டி நீக்காவிட்டால், முதற் பிறபொருளெதிரி இல்லாமலே பிளாஸ்மா கலங்கள் பழுப்பேறும். அதாவது, மேலணி அல்லாத கலத்தில் ஈஎம்ஏ உண்டு என்று நாம் காட்ட விரும்பும் அதே இடத்தில் பொய்யான விடை உட்கார்ந்திருக்கும். கட்டுப்பாட்டு இழையத்தில் பிளாஸ்மா கலம் ஏறியதைப் பார்த்துச் செய்முறை வென்றுவிட்டது என்று வேறு நினைத்துக்கொள்வோம்.

இதைப் பிடிக்க ஒவ்வொரு இழையத்துக்கும் எதிர்க் கட்டுப்பாடாக இன்னொரு சிலைட் வேண்டும். அதில் ஈ29க்குப் பதிலாக, எதையும் குறிவைக்காத எலி ஐஜிஜி2ஏயை அதே செறிவில் இடுங்கள்; ஈ29 அந்த வகுப்பைச் சேர்ந்தது. மற்றதெல்லாம் ஒன்றே. அந்தச் சிலைட்டில் பிளாஸ்மா கலங்கள் வெறுமையாக இருந்தால்தான் முதல் சிலைட்டின் பழுப்பை நம்பலாம். ஏறியிருந்தால், மனிதச் சீரத்தில் உறிஞ்சி எடுக்கப்பட்ட இரண்டாம் பிறபொருளெதிரிக்கு மாறுங்கள். சிலைட் வீணாகிறதே, காசு போகிறதே என்று இந்தக் கட்டுப்பாட்டை விடுவதைப் பல இடங்களில் காண்கிறோம். அது இல்லாத விடைக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

மற்றப் பொய்ப் பழுப்புகளை இனங்காணுவது இலகு. ஹீமோசிடரின் துகள்கள் பொன் கலந்த பழுப்பு. எதிர்க் கட்டுப்பாட்டிலும் அப்படியே இருக்கும். மெலனினும் அப்படித்தான். நுரையீரல் சார்ந்த கணுக்களில் கரித்தூள் கறுப்பாக இருக்கும். இறந்த இழையமும் நசுங்கிய கலங்களும் எதையும் உறிஞ்சும், அங்கே வாசிக்காதீர்கள். துண்டின் விளிம்பில் மட்டும் வளையமாகப் பழுப்பு வந்தால் அது காய்ந்ததன் அடையாளம்.

வாசிக்கும் ஒழுங்கு

எதிர்க் கட்டுப்பாடு முதலில், பிறகு நேர்க் கட்டுப்பாடு, பிறகு பரிசோதனைத் துண்டில் உள்ள நரம்புக் கட்டோ பிளாஸ்மா கலமோ, அதற்குப் பிறகுதான் நீங்கள் தேடும் கலம். ஆவலில் நேரே கட்டிக்குப் போனால் கண் காண விரும்பியதைக் காணும்.

பழுப்பு எங்கே இருக்கிறது என்பது, இருக்கிறதா இல்லையா என்பதைப் போலவே முக்கியம். மெனிஞ்சியோமாவில் மென்சவ்வு ஓரமாக வரும், பல வேளைகளில் மங்கலாக. அனாப்பிளாஸ்ரிக் பெருங்கல லிம்போமாவில் மென்சவ்வோடு, கருவுக்குப் பக்கத்தில் கொல்கி இருக்கும் இடத்தில் ஒரு பொட்டும் வரலாம். நரம்பு மண்டலக் கட்டியான எபெண்டைமோமாவில் குழியவுருவுக்குள் புள்ளிகளாகவும் சிறு வளையங்களாகவும் தெரியும். பிளாஸ்மா கலத்தில் குழியவுருவும் மென்சவ்வும் சேர்ந்து ஏறும். கரு பழுப்பேறினால் அது ஈஎம்ஏ அல்ல. செய்முறையில் ஏதோ பிழை. சைனோவியல் சார்கோமாவில் சிதறிய சில கலங்கள் மட்டும் ஏறக்கூடும் என்பதால், துண்டு முழுவதையும் வரிசை வரிசையாக நகர்த்திப் பார்க்காமல் இல்லை என்று எழுத வேண்டாம்.

தொடக்கத்தில் சொன்ன அந்தக் கணுவுக்கு வருவோம். ஈஎம்ஏ ஏறியது, சிடி45 ஏறவில்லை. இப்போது கெரற்றின் போட வேண்டும். அது பரவலாக ஏறினால் மேலணிப் புற்றின் பக்கம் சாயலாம். ஏறாவிட்டால் சிடி30, ஏஎல்கே போட்டு லிம்போமாவைப் பாருங்கள். பிளாஸ்மா கலச் சாயலிருந்தால் கப்பா, லம்டா சங்கிலிகள். சிடி138 பிளாஸ்மா கலத்தைக் காட்டும்தான், ஆனால் மேலணியிலும் ஏறும் என்பதால் இந்தச் சந்தேகத்தை அது தனியாகத் தீர்க்காது. தீர்ப்பு நோயியல் வைத்திய நிபுணருடையது; அவர் நம்பி வாசிக்கக்கூடிய சிலைட்டைக் கொடுப்பது நம் பொறுப்பு.

பதிவேட்டில்

ஒவ்வொரு சுற்றுக்கும்: குளோனின் பெயர், தொகுதி எண், ஐதாக்கல், வெப்ப மீட்புக் கரைசலும் நிமிடமும், அன்றைய அறை வெப்பநிலை, டிஏபி நேரம், போர்மலினில் இருந்த மணிநேரம், பெரிநியூரியம் தெரிந்ததா, எதிர்க் கட்டுப்பாட்டில் பிளாஸ்மா கலம் வெறுமையா. விடையை ஆம், இல்லை என்று மட்டும் எழுதாமல், எத்தனை வீதக் கலங்கள், எவ்வளவு அழுத்தம், மென்சவ்வா குழியவுருவா என்று எழுதுங்கள்.

புதிய தொகுதிப் போத்தல் வந்தால் பழையது தீருவதற்கு முன்பே இரண்டையும் ஒரே கட்டுப்பாட்டுத் துண்டில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கட்டுப்பாட்டுக் குற்றியும் அப்படித்தான்: குற்றி தேய்ந்து, நரம்புக் கட்டு இனி வராது என்று தெரியும் முன்பே அடுத்த குடல்வாலை எடுத்து வையுங்கள், பழைய குற்றியிலிருந்து சில துண்டுகளை மிச்சம் பிடித்து, புதியதோடு ஒருமுறை சேர்த்துச் சாயமிடுங்கள்.